கேட்டதை எழுதக் கற்றல்

தொழிலைச் செய்யத் தெரிந்தவர் பலர். அதனைப் பிறர் விளங்கிக்கொள்ளுமாறு எழுதத் தெரிந்தவர் சிலரே. தேர்ந்த நெசவாளர் ஒருவரிடம் பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் முறையை வினவினால், "பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும்" என்பார். அருகில் நிற்பவர் கண்ணாலும் விரலாலும் பதத்தை அறிந்துகொள்வார். ஏட்டில் படிப்பவருக்கோ அது விளங்காது. இக்குறையை நிறைவு செய்வதே விளக்கக் கட்டுரையின் பணியாகும். அதனைக் கற்பதற்குப் பேச்சைப் பதிவு செய்து எழுதுவது நல்ல வழி என்பதை அமெரிக்க நாட்டு மாணவர்கள் மெய்ப்பித்துள்ளனர்.

மலைநாட்டு மாணவர்கள்

ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கில், அப்பலாச்சிய மலைப்பகுதியில், ராபன் கேப் என்னும் ஊர் உள்ளது. 1966ஆம் ஆண்டில் அவ்வூர் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் சிறிதும் நாட்டமில்லை. ஆகவே தாமே ஒரு பத்திரிகை நடத்துவதென முடிவாயிற்று. அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் முதியோரிடம் சென்று, மரவீடு கட்டுதல் முதலிய கைத்தொழில்களைக் கேட்டுப் பதிந்தனர். 1967இல் 'ஃபாக்ஸ்ஃபயர்' என்னும் பெயருடன் முதல் இதழ் வெளிவந்தது; 1972இல் அக்கட்டுரைகள் நூலாகி நாடெங்கும் பரவின. இலக்கணப் பயிற்சியில் சலித்த மாணவர், தம் எழுத்தைப் பிறர் படிக்கப்போகின்றனர் என்றறிந்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கருத்துடன் திருத்தலாயினர்.

எழுதும் முறை

முதலில், பேசுபவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். பின்னர்ப் பதிவைக் கேட்டு, சொன்னதைச் சொன்னவாறே எழுதுக. அப்போது "இவ்வளவு", "இப்படி" என்னும் சொற்கள் வருமிடங்களில் குறியிடுக. அவை கை காட்டிய இடங்கள்; எழுத்தில் வெற்றிடங்கள். எத்தனை படி, எவ்வளவு நேரம், எந்தப் பருவம் என மீண்டும் சென்று வினவுக. பேச்சு முன்னும் பின்னுமாகச் செல்லும். கட்டுரையோ வேலை நடக்கும் வரிசையில் செல்லுதல் வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுக. இறுதியாக, அத்தொழில் அறியாத ஒருவரிடம் கொடுக்க, அவர் தடுமாறும் இடமே திருத்தவேண்டிய இடமாகும்.

பலர் கூடி எழுதுதல்

இப்பணிக்கு இன்று இணையமும் துணைபுரிகின்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். பழைய வடிவங்கள் யாவும் அழியாமல் இருக்கும். கருத்து வேற்றுமைகளை உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்கலாம். எனினும் அங்கு அச்சேறிய சான்றுகளையே பெரிதும் கேட்கின்றனர். அச்சேறாத தொழிலறிவு எங்ஙனம் இடம்பெறும்? இவ்வினாவை எழுப்பி, 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் வாய்மொழியைப் பதிவு செய்து, மலையாளம், இந்தி, வடசோத்தோ மொழிகளில் அதனையே சான்றாகக் காட்டிக் கட்டுரைகள் எழுதிப் பார்த்தனர். அதனால் விதி மாறிவிடவில்லை. எனவே நம் சங்க ஏட்டில் அச்சாகும் கட்டுரையின் மதிப்பு மிகுதியாகும். இன்று அச்சேறுவது நாளை சான்றாகப் பயன்படக்கூடும்.

நம் சங்கங்களில் அச்சுப் பிணைக்கவும் விதை தேரவும் அறிந்த முதியோர் பலர் உளர். அவர்தம் அறிவு எந்தக் கணக்கேட்டிலும் பதியப்பெறவில்லை. பேச்சைப் பதியும் கைப்பேசி இன்று பல இல்லங்களில் உள்ளது. அங்கத்தினர் இல்லத்துப் பிள்ளைகள் திங்களுக்கு ஒரு தொழில்முறையைக் கேட்டெழுதினாலும், ஆண்டுக்குப் பன்னிரண்டு கட்டுரைகள் சேரும். சங்கத்தின் கையிருப்பில் அதுவும் ஒரு செல்வமேயாகும்.