பந்து எறிபவர் பாதுகாப்பு

தோட்டத் திடல் என்றால் நமக்குக் காற்பந்துதான் நினைவுக்கு வரும். ஆனால், இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் சாப்ட்பால் என்னும் மென்பந்தையும் கற்று வருகிறார்கள். மலாய் மொழியில் போலா லிசுட் என்பது இதைத்தான். இதில் மெதுவாக எறியும் வகை ஒன்று உண்டு. கையைத் தாழ்த்தி, பந்து மேலே வளைந்து போய் இறங்கும்படி எறிய வேண்டும். கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் ஓய்வு நாளில் பொழுதுபோக்காக ஆட ஏற்றது இந்த வகையே.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. 1887-இல் சிகாகோ நகரில் இந்த ஆட்டம் பிறந்தபோது, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார்கள். அது மென்மையானதுதான். இன்றைய பந்து 12 அங்குலச் சுற்றளவும் ஏறக்குறைய 180 கிராம் எடையும் கொண்டது, கெட்டியானது. முகத்தில் பட்டால் மூக்கெலும்பும் கன்ன எலும்பும் உடையும், கண்ணும் போகும்.

இந்த ஆபத்து யாருக்கு அதிகம்? மட்டைக்கு நேர் எதிரே, 50 அடியில் நிற்கும் பந்து எறிபவருக்குத்தான். அவர் எறியும் பந்து மட்டையை அடைய ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அடிபட்ட பந்தோ மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் அவர் முகத்துக்கு வந்துவிடும். கண்ணிமைப் பொழுது என்கிறோமே, அதுதான் கணக்கு!

ஆகவே அந்த முதல் விநாடியை வீணாக்கக் கூடாது. பந்து கையை விட்டதும் இரண்டு மூன்று அடி பின்வாங்கி, முழங்காலை மடக்கி, கையுறையை மார்புக்கு முன் விரித்து நிற்க வேண்டும். எறிந்துவிட்டு அழகு பார்த்து நிற்பது கூடாது. பந்து குறைந்தது 6 அடி உயரமாவது எழ வேண்டும் என்ற விதியும் இதற்கு உதவுகிறது. உயர எழும் பந்து இறங்கத் தாமதமாகும்; பின்வாங்க அவகாசம் கிடைக்கும். தட்டையாக எறிந்தால் அந்த அவகாசம் போய்விடும்.

மட்டையிலும் கவனம் வேண்டும். சில உலோக மட்டைகளும் கலப்புப் பொருள் மட்டைகளும் பந்தை மிக வேகமாகத் தள்ளும். அதனால்தான் ஆட்டச் சங்கங்கள் மட்டைகளைச் சோதித்து முத்திரையிடுகின்றன. முத்திரை இல்லாத மட்டையை நட்பு ஆட்டத்திலும் ஒதுக்குவதே நல்லது.

கம்பி முகக்கவசம் அணிந்தால் கோழை என்று கேலி செய்வார்களாம். விக்கெட் காப்பவர் கவசம் போட்டால் யாரும் சிரிப்பதில்லையே! குழுவில் எல்லாரும் சேர்ந்து ஒரு கவசம் வாங்கி வைத்தால் போதும். எறிபவர் மாறும்போது கவசமும் கைமாறும்.

கண்ணில் பந்து பட்டுவிட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. வீக்கம் வடியட்டும் என்று மறுநாள்வரை காத்திருக்காமல், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மார்பில் பட்டு ஆள் சாய்ந்து, மூச்சுப் பேச்சின்றிக் கிடந்தால், ஒருவர் 999-ஐ அழைக்க, மற்றொருவர் தாமதமின்றி நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் விட்டுவிட்டு வேகமாக அழுத்தத் தொடங்க வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.