க்ரூஸ் கண்ட்ரோலும் நம் சாலைகளும்

முன்பு வெளிநாட்டுக் கார்களில் மட்டும் இருந்த க்ரூஸ் கண்ட்ரோல் இன்று நம்மவர்கள் வாங்கும் சிறிய கார்களிலும் வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி ஒரே வேகத்தில் ஓடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு காரில் சொந்த ஊருக்குப் போய்வரும் நம் சங்க உறுப்பினர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். "காசு கொடுத்து வாங்கிய வசதியைப் பயன்படுத்தாமல் விடலாமா?" என்பது இளைஞர்களின் கேள்வி. "அதைத் தொடாமல் இருப்பதே நல்லது" என்பது பெரியவர்களின் கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ரயில்வேயில் எஞ்ஜின்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் இதை விளக்க முயல்கிறேன்.

இது எப்படி வந்தது?

இயந்திரத்தின் வேகம் கூடாமலும் குறையாமலும் காப்பது பழைய யோசனைதான். 1788-ல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் இரண்டு சுழலும் குண்டுகளைக் கொண்ட கவர்னரைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும்.

இதே தத்துவத்தைக் காருக்குக் கொண்டுவந்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். இவர் ஐந்து வயதிலேயே கண்பார்வையை இழந்தவர். இவரது வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தாம் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், பிறர் பேசக் கேட்டால் கூட்டுவாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு இந்தக் குலுக்கல் பொறுக்கவில்லை. அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். 1950-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் இதைப் பொருத்தியது. அமெரிக்காவின் நீண்ட, நேரான நெடுஞ்சாலைகளில் இது நன்றாகவே பொருந்திக்கொண்டது.

எப்படி வேலை செய்கிறது?

இன்றைய காரில் சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. நாம் 80 கிலோமீட்டர் என்று குறித்துவிட்டால், மேட்டில் ஏறும்போது கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டும். பள்ளத்தில் இறங்கும்போது குறைக்கும். பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் விட்டுவிடும். கியர் வண்டியில் கிளட்சை மிதித்தாலும் விட்டுவிடும். பிறகு "ரெஸ்யூம்" என்ற பொத்தானை அழுத்தினால் பழைய 80-க்கே வண்டி திரும்பப் போகும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண க்ரூஸ் கண்ட்ரோல் வேகத்தை மட்டுமே காக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் காக்காது. முன்னால் லாரி நின்றாலும் மாடு நின்றாலும் அதற்குத் தெரியாது.

ரயிலில் என்ன செய்கிறோம்?

1990-களின் நடுவில் நம் நாட்டுக்கு வந்த மூன்று ஃபேஸ் மின்சார எஞ்ஜின்களிலும் ஒரே வேகத்தில் ஓட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், மேடு பள்ளம் எதுவானாலும் ரயில் அதே வேகத்தில் போகும். டிரைவர் த்ராட்டிலை நகர்த்தினாலோ பிரேக் போட்டாலோ அது விலகிவிடும். காரில் உள்ளது போலவேதான்.

"ரயிலில் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு இதைப் போடலாம், காரில் போடக்கூடாதா?" என்று கேட்கலாம். ரயிலில் வேகத்தைக் காப்பது அந்தப் பொத்தான். ஆனால் இடைவெளியைக் காப்பது வேறொரு ஏற்பாடு. அப்சலூட் பிளாக் என்ற முறையில், முன்னே போன ரயில் அடுத்த ஸ்டேஷனுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது என்று உறுதியான பிறகே பின்னால் உள்ள ரயிலுக்கு லைன் கிளியர் கிடைக்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலை நிறுத்த ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் தேவை. அந்தத் தூரம் காலியாக இருக்கிறது என்று சிக்னல் சொல்கிறது.

இவ்வளவு இருந்தும் ரயில்வே டிரைவரைச் சும்மா இருக்க விடுவதில்லை. விஜிலன்ஸ் கருவி பொருத்திய எஞ்ஜினில், ஏறக்குறைய ஒரு நிமிடம் டிரைவர் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரிந்து ஒலி எழும்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாக விழும். வேலை குறைந்தால் மனிதனுக்குக் கண் சொக்கும் என்பது ரயில்வேக்குத் தெரியும்.

நம் சாலையில் லைன் கிளியர் கொடுப்பவர் யார்? யாரும் இல்லை. நம் கண்ணும் காலும்தான் சிக்னலும் பிரேக்கும்.

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மதுரை வரை

நம் பக்கத்துச் சாலைகளையே எடுத்துக்கொள்வோம். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கோ வெள்ளறடைக்கோ போகும் சாலைகளில் வளைவும் ஏற்ற இறக்கமும் மாறி மாறி வரும். வளைவு திரும்பினால் பஸ் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் இறங்குவார்கள். இங்கே க்ரூஸ் பற்றிப் பேச்சே வேண்டாம். பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில் வரையிலும் அப்படித்தான்.

அடுத்து, கழக்கூட்டம் – காரோடு பைபாஸ். நான்கு வழிச் சாலை. முக்கோலையிலிருந்து காரோடு வரை கான்கிரீட் தளம். இங்கேதான் பலருக்கும் பொத்தானை அழுத்த ஆசை வருகிறது. சங்க உறுப்பினர் ஒருவர் சொன்ன அனுபவம் இது. மாலை வேளை, 80-ல் க்ரூஸ் போட்டு, காலைப் பின்னுக்கு மடக்கி வசதியாக உட்கார்ந்திருக்கிறார். ஓரத்துச் சாலையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் திடீரென்று நுழைந்தது. மடக்கிய காலை எடுத்து பிரேக்கைத் தேடி வைப்பதற்குள் வண்டி நெடுந்தூரம் போய்விட்டது. ஒரு முழ இடைவெளியில் நின்றதாம். பின்ஸீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். கண்டு உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி, பிறகு வண்டி நிற்க நல்ல காய்ந்த சாலையில் சுமார் 35 மீட்டர். ஆக 57 மீட்டர். கால் மடங்கியிருந்ததால் அரை விநாடி தாமதமானால் 68 மீட்டர் ஆகிவிடும். கூடுதலான அந்த 11 மீட்டருக்குள் ஒரு ஸ்கூட்டரும் அதில் இருப்பவர்களும் அடங்கிவிடுவார்கள்.

கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி. இரு சக்கர வண்டிகளுக்கு 60. இரண்டும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. 100-ல் போகும் கார், 60-ல் போகும் பைக்கை விநாடிக்கு 11 மீட்டர் வீதம் நெருங்கும். இடைவெளி 50 மீட்டர் என்றால் ஐந்து விநாடிகூட இல்லை. சட்டப்படி இருவரும் சரியாகப் போனாலும் நிலைமை இதுதான்.

வளைகுடாவில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய உறவினர் ஒருவர், "அங்கே க்ரூஸ் போட்டால் ஓய்வு. இங்கே போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு விட்டுப் போட வேண்டியிருக்கிறது, கால் வலிக்குப் பதில் தலைவலி" என்றார். ஒரு வாரத்தில் அவரே விட்டுவிட்டார்.

காவல்கிணற்றுக்கு அப்பால் திருநெல்வேலி, மதுரை நோக்கிப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓரளவு வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கும் நடுத்திட்டின் திறப்புகளில் வண்டிகள் திரும்பும், எதிர்த்திசையில் மொபெட் வரும், ஆட்டுமந்தை கடக்கும். பகல் வெளிச்சத்தில், முன்னால் சாலை காலியாக இருக்கும் இடத்தில் மட்டும் போடலாம். 2002-ல் திறந்த மும்பை – புனே விரைவுச் சாலையில் இரு சக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. பெங்களூர் – மைசூர் நெடுஞ்சாலையின் பிரதான வழியிலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் இவற்றுக்குத் தடை. இத்தகைய சாலைகளில் இந்த வசதிக்கு அர்த்தம் உண்டு. அங்கும் மலைப்பகுதியில் வேண்டாம்.

ரேடார் வைத்த புது வகை

சில ஆண்டுகளாக வரும் விலை உயர்ந்த கார்களில் "அடாப்டிவ்" க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கிறது. ரேடாரும் கேமராவும் முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, இடைவெளிக்குத் தக்கபடி வேகத்தைக் குறைக்கும். தேவையானால் பிரேக்கும் போடும். இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்.

ஆனால் நம் ஊர் நெரிசலில் அதற்கும் சோதனைதான். இந்தக் கார் ஒழுங்காக 40 மீட்டர் இடைவெளி விட்டால், அந்த இடத்தில் ஆட்டோ ஒன்று புகுந்துவிடும். உடனே கார் பிரேக் போடும். பின்னால் ஒட்டி வருபவர் அதை எதிர்பார்க்கமாட்டார். வேகமாகப் போகும்போது, சாலையில் அசையாமல் நிற்கும் வண்டியை இந்தக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம் என்று காரோடு தரும் புத்தகங்களிலேயே எச்சரிக்கை இருக்கும். பின்விளக்கு இல்லாமல் இரவில் நிற்கும் லாரி நம் நெடுஞ்சாலைகளுக்குப் புதிதல்லவே.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஊருக்குள், வளைவுகளில், மலைச்சாலையில், இரவில், மூடுபனியில் க்ரூஸ் வேண்டாம்.

2. மழையில் அறவே வேண்டாம். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் சாலையில் தேங்கும் நீரில் டயர் தரையை விட்டு மிதக்கும். தண்ணீரைக் கண்டதும் நாம் காலைத் தளர்த்துவோம். சாதாரண க்ரூஸுக்கு அந்தத் தண்ணீர் தெரியாது.

3. பிரேக்கை அடிக்கடி தொட வேண்டியிருந்தால், அந்தச் சாலை க்ரூஸுக்கு ஏற்றதல்ல என்று பொருள்.

4. போட்டிருக்கும்போது வலது கால் பிரேக்கின் அருகிலேயே இருக்கட்டும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும்; 80-ல் அது 44 மீட்டர்.

5. சந்திப்பில் வேகம் குறைத்த பிறகு யோசிக்காமல் "ரெஸ்யூம்" அழுத்தாதீர்கள். வண்டி பழைய வேகத்துக்குப் பாயும். முதலில் நீங்களே வேகத்தைக் கூட்டிக்கொண்டு, பிறகு புதிதாகக் குறியுங்கள்.

6. தூக்கம் வந்தால் க்ரூஸ் துணை செய்யாது. வண்டியை ஓரம் கட்டுங்கள்.

7. எப்போதாவது க்ரூஸ் விடாமல் போனால் பதற வேண்டாம். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை ஓரத்தில் நிறுத்துங்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இந்த வசதி கெட்டதல்ல. அது பிறந்த சாலை வேறு, நாம் ஓட்டும் சாலை வேறு. காலியான நெடுஞ்சாலையில் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும், அபராதச் சீட்டும் வராது, எரிபொருளும் கொஞ்சம் மிச்சமாகும். நெரிசலில் அதே பொத்தான் நம் காலைக் கட்டிவைக்கும். புதிதாகக் கார் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர்கள் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். ஊரில் காத்திருப்பவர்களுக்கு நாம் அரை மணி நேரம் தாமதமாக வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும்.