சுவரில் ஒட்டிய பாஷாணம்

1874ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நூலகங்களுக்கு ஒரு விசித்திரமான புத்தகம் வந்து சேர்ந்தது. தலைப்பே 'மரணச் சுவர்கள் வீசும் நிழல்கள்' என்ற பொருளில் இருந்தது. முன்னால் சில பக்கங்களுக்கு எச்சரிக்கை. அதற்குப் பிறகு எழுத்தே கிடையாது. கடைகளில் விற்ற வால்பேப்பரிலிருந்து வெட்டிய 86 துண்டுகள் மட்டும். அத்தனையிலும் ஆர்சனிக், அதாவது பாஷாணம். தொகுத்தவர் மாநில வேளாண் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராபர்ட் கெட்ஸி. அவர் அனுப்பியவை 100 படிகள். புத்தகமே விஷம் என்று பயந்து நூலகங்கள் அவற்றைப் பின்னாளில் அழித்துவிட்டதால், இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கின்றன.

இவ்வளவு பாஷாணத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது பச்சை நிறத்தின் மீதிருந்த மோகம். அதற்கு முன் கிடைத்த பச்சைகள் மங்கலானவை. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து செய்தால், சில வருடங்களில் மஞ்சள் வெளுத்து நீலம் மட்டும் நிற்கும். 1775இல் ஸ்வீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பளீர்ப் பச்சையைத் தயாரித்தார். ஆக்ஸிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான அதே ஷீலேதான். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் அதைவிடப் பிரகாசமான இன்னொரு செம்பு-ஆர்சனிக் பச்சை வந்தது. மரகதப் பச்சை என்று பெயர் வைத்தார்கள். தாது உருக்கும் ஆலைகளில் வெள்ளைப் பாஷாணம் கழிவாகவே கிடைத்ததால் விலையும் மலிவு.

பிரிட்டனில் 1712 முதல் வால்பேப்பருக்கு வரி இருந்தது. 1836இல் அதை எடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் லங்காஷயர் ஆலைகளில் உருளை இயந்திரங்கள் சுற்றத் தொடங்கின. அதுவரை பணக்காரர் மாளிகைகளில் இருந்த பூவேலைச் சுவர், குமாஸ்தா வீட்டுக்கும் வந்துவிட்டது.

கூடவே நோயும் வந்தது. தலைவலி, தொண்டைப் புண், கண் எரிச்சல், வயிற்றுப்போக்கு. ஊர் மாற்றிப் போனால் சரியாகும். வீடு திரும்பினால் மறுபடியும் தொடங்கும். 1839இலேயே ஜெர்மன் வேதியியலர் லியோபோல்ட் க்மெலின் ஒரு விஷயத்தைக் கவனித்து நாளிதழில் எச்சரித்தார்: பச்சைத் தாள் ஒட்டிய அறையில் ஓதம் ஏறினால் எலி நாற்றம் போல ஒன்று அடிக்கிறது. அது ஆர்சனிக் வாயு என்று அவர் சந்தேகித்தார்.

சுமார் 50 ஆண்டுகள் கழித்து இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ கோசியோ இதைச் சோதனையில் பிடித்தார். மசித்த உருளைக்கிழங்கில் ஆர்சனிக்கைக் கலந்து காற்றில் வைத்தார். அதில் பூத்த ஒருவகைப் பூஞ்சை, பூண்டு வாடையுள்ள வாயுவை விட்டது. வால்பேப்பர் ஒட்டும் மாவுப் பசையும் தாளும் பூஞ்சைக்கு நல்ல தீனி. ஈரம் கிடைத்தால் போதும். அந்த வாயு டிரைமெதில் ஆர்சின் என்பதை 1930களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் சாலஞ்சர் உறுதி செய்தார். தன்னைச் சுற்றியிருக்கும் ஆர்சனிக் அணுவோடு மூன்று மெத்தில் தொகுதிகளை ஒட்டி, பூஞ்சை அதை ஆவியாக்கி வெளியேற்றுகிறது.

கதை இங்கே கச்சிதமாக முடிந்துவிட்டது போலத் தெரியும். ஈரச் சுவர், பூஞ்சை, விஷ வாயு, மரணம். பாடநூல்களும் பல காலம் இப்படித்தான் சொல்லின. ஆனால் 2005இல் வில்லியம் கல்லன், ரொனால்ட் பென்ட்லி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆதாரங்களைக் கிளறிப் பார்த்து, அந்த வாயு அவ்வளவு கொடியது என்பதே கட்டுக்கதை என்று எழுதினார்கள். ஆர்சின் வாயு உண்மையிலேயே கொல்லக்கூடியது. மெத்தில் ஏறிய அதன் உறவினரோ, சுவாசத்தில் போனால் ஆயிரக்கணக்கான மடங்கு வீரியம் குறைந்தது. பெயரில் இருந்த ஒற்றுமையே பாதிப் பழியைச் சுமத்திவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் நோய் எப்படி வந்தது? பெரும்பாலும் தூசியால் என்பதே எளிய விளக்கம். அன்றைய மலிவான தாளில் நிறத்தூளை வஜ்ஜிரம் போன்ற பசை மட்டுமே பிடித்து வைத்திருந்தது. துடைத்தால், உரசினால், காய்ந்தால் உதிரும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஆலைத் தொழிலாளிகளின் கைகளிலும் முகத்திலும் புண்கள் வந்ததற்கும் இந்தத் தூள்தான் காரணம். அதற்குப் பூஞ்சை தேவைப்படவில்லை.

நெப்போலியனையும் வால்பேப்பர்தான் கொன்றது என்று ஒரு பேச்சு உண்டு. 1821இல் அவர் இறந்தது செயின்ட் ஹெலினா தீவின் ஓதம் பிடித்த லாங்வுட் இல்லத்தில். 1980களில் பிரிட்டிஷ் வேதியியலர் டேவிட் ஜோன்ஸ், அந்த வீட்டு வால்பேப்பரின் நிறம் என்ன என்று வானொலியில் கேட்டுவைத்தார். ஒரு குடும்பத்தின் பழைய ஆல்பத்தில் அதன் துண்டு ஒன்று பத்திரமாக இருந்தது! எக்ஸ்ரே சோதனையில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.12 கிராம் ஆர்சனிக் தெரிந்தது. உடம்பை வாட்டலாம், உயிரை எடுக்காது என்பது ஜோன்ஸின் முடிவு. 2008இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் நெப்போலியனின் சிறுவயது முடியையும் கடைசிக்கால முடியையும் ஒப்பிட்டபோது, இரண்டிலும் ஆர்சனிக் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. அவருடைய மனைவியின் முடியிலும் மகனின் முடியிலும்கூட அப்படியே. அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோருமே ஆர்சனிக்கோடு வாழ்ந்தவர்கள்.

வால்பேப்பர் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் கதை வேறு மாதிரி. இன்றும் திரைச்சீலையிலும் டைரி அட்டையிலும் அவருடைய இலைக்கொடி வடிவங்கள் ஓடுகின்றன. இளமையில் அவருக்கு வருமானம் தந்தது டெவன் கிரேட் கான்சல்ஸ் என்ற சுரங்கத்தின் பங்குகள். செம்பு குறைந்த பிறகு அது ஆர்சனிக்கை வெட்டிக் குவித்தது. சில ஆண்டுகள் அதன் இயக்குநராகவும் இருந்தார். பங்குகளை விற்றுப் பல வருடம் ஆன பிறகும், 1885இல் எழுதிய கடிதம் ஒன்றில், வால்பேப்பர் பீதியைச் சூனியக்காரிகளைப் பற்றிய பழைய பயத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். 2003இல் ஆண்ட்ரூ மெஹார்க் என்ற ஆய்வாளர் மாரிஸின் ஆரம்பகாலத் தாள் ஒன்றைச் சோதித்தார். அதன் பச்சையில் செம்பும் ஆர்சனிக்கும் இருந்தன.

ஆர்சனிக் வால்பேப்பரைத் தடுக்க பிரிட்டன் சட்டம் எதுவும் போடவில்லை. வாங்குபவர்கள் பயந்தார்கள், 'ஆர்சனிக் இல்லாதது' என்று விளம்பரம் செய்து கம்பெனிகள் விற்கத் தொடங்கின.

இன்றைய வினைல் வால்பேப்பரில் ஆர்சனிக் இல்லை. ஓதமும் பூஞ்சையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊரில் வெளிக்காற்றின் ஈரம் சுவர் வழியே ஏ.சி. அறையின் குளிர்ந்த பக்கத்துக்கு ஊர்ந்து வருகிறது. வினைல் அதை உள்ளே விடாது. எனவே தாளுக்குப் பின்னாலேயே ஈரம் தங்கி, பசையில் கரும்பூஞ்சை பிடிக்கிறது. வெளியே பார்த்தால் பூவேலை புதிதாகவே இருக்கும். ஏ.சி. அறையின் வெளிச்சுவரைப் பெயின்டுக்கு விட்டுவிட்டு, உட்சுவரில் மட்டும் ஒட்டுவது நல்லது. அங்கும் குளியலறைக் குழாய் ஓடும் சுவர் வேண்டாம்.