டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் வாங்குவோர் உரிமையும்

காளையார்கோவில் வட்டாரத்தில், 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய பெட்ரோல் கார்களைப் பேணி வருவோர், என்ஜின் வேலையின்போது பிஸ்டன், ரிங் ஆகியவற்றின் தரத்தை விசாரிக்கும் அளவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் உலோகத்தை விசாரிப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஸ்பார்க் பிளக்குகளுக்கு உரிய நேரத்தில், உரிய வரிசையில் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கருவி. அதைச் சுழற்றும் சாய்ந்த பற்களுடைய கியர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் பற்களோடு உரசியே இயங்குவதால், இரண்டின் உலோகமும் ஒத்துப்போவது கட்டாயமாகிறது.

வார்ப்பிரும்புக் கேம்ஷாஃப்டுக்கு வார்ப்பிரும்புக் கியரே ஏற்றது. கெட்டியான எஃகுக் கேம்ஷாஃப்டில் அதே கியரைப் பொருத்தினால் பற்கள் விரைவில் அரிக்கப்பட்டுக் கத்திமுனைபோல் மெலியும் என்பதால், அங்கே மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகுக் கியரோ வெண்கலக் கியரோ வேண்டும். வெண்கலம் மென்மையானது; விலை உயர்ந்த கேம்ஷாஃப்டைக் காத்துத் தான் தேய்வதால், அதை அவ்வப்போது கழற்றிப் பார்த்து மாற்றியாக வேண்டும். பல் தேயத் தேயத் தீப்பொறி விழும் நேரம் பிசகி இழுவை குறையும். உலோகத் துகள் ஆயிலில் கலக்கும். ஆயில் பம்பும் இதே கியரால் இயங்கும் என்ஜின்களில் பல் அற்றுப்போனால் ஆயில் ஓட்டமே நின்று, பேரிங்குகள் கருகும். ஆகவே கேம்ஷாஃப்ட் மாற்றப்பட்ட வண்டியில் அதன் உலோகம் எதுவென்று தெரியாமல் கியர் வாங்குவது பெருஞ்செலவை வரவழைக்கும் செயல்.

பொருளின் தரத்தை அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உறுதிசெய்கிறது. அச்சட்டப்படி பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறையாகும்; தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருள் குறைபாட்டால் சேதம் விளைவித்தால், விற்றவரே பொறுப்பேற்க நேரிடும். பெயரில்லாத உதிரிபாகங்கள் மலிந்த சந்தையில் இந்தப் பிரிவு மிகவும் பயனுள்ளது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாடகைக் கார் ஓட்டுபவரும் இச்சட்டத்தின்படி நுகர்வோரே.

பழுது நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. உலோகம் தவறானதா என்பதை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க இயலும் என்பதால், தேய்ந்த கியரைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல், கேம்ஷாஃப்டின் உலோகமும் கியரின் உலோகமும் எழுதப்பட்ட பில்லுடன் சேர்த்து வைத்திருப்பது அவசியம்.