ஏரிக் கணக்கும் தலைவர் கணக்கும்

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்பவர்கள், இடப்பக்கத்தில் சிறிது தூரம் விலகிச் சென்றால் ஒரு நெடிய கரையைக் காண்பார்கள். அதன் மீது ஏறி நின்றால் செம்பரம்பாக்கம் ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். மதகின் அருகே அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் ஒன்று நீரில் நிற்கிறது. அடைமழைக் காலத்தில் குன்றத்தூர், திருமுடிவாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை அடையாற்றங்கரையில் வாழும் ஜனங்கள் காலையில் தேநீர்க் கடையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, “ஏரி எத்தனை அடி?” என்பதே. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அந்த ஏரியின் அன்றாட இருப்பும் வரத்தும் வெளியேற்றமும் பத்திரிகைகளில் தவறாமல் அச்சாகின்றன.

ஏரிக் கணக்கு எளியது. நேற்றைய இருப்போடு இன்றைய வரத்தைக் கூட்டி, வெளியேறியதைக் கழித்தால், மிஞ்சுவது இன்றைய இருப்பு. எழுதப்பட்ட வரத்தை விட இருப்பும் வெளியேற்றமும் மிகுந்து நின்றால், கணக்கில் எழுதாத ஏதோ ஒரு கால்வாய் வழியே நீர் உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள். ஒரு தலைவரின் செல்வத்தைப் பற்றி எழும் விமர்சனத்தை நியாயஸ்தலம் எப்படி அளக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் நிதி, நிர்வாகம், குணம் ஆகிய மூன்றையும் குறித்து எழுந்த கண்டனங்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அவற்றில் ஒன்று பெங்களூரு நீதிமன்றத்தில் அளக்கப்பட்டது. மற்றொன்று இதே செம்பரம்பாக்கத்தின் மதகில் அளக்கப்பட்டது. மூன்றாவதற்கு இன்றளவும் அளவுகோல் இல்லை.

சொத்துக் கணக்கின் சூத்திரம்

1991 முதல் 1996 வரை முதன்முறை முதலமைச்சராக இருந்தபோது, மாதம் ஒரு ரூபாய் மட்டுமே சம்பளம் பெறுவதாக ஜெயலலிதா அறிவித்தார். 1996 தேர்தல் தோல்விக்குப் பின் சுப்பிரமணியன் சுவாமி அளித்த புகாரின் மேல் விசாரணை தொடங்கியது. 1997இல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவரிடம் இருந்ததாக அந்த ஆண்டுகளில் வெளியான சேலைகளின் எண்ணிக்கையும் செருப்புகளின் எண்ணிக்கையும் ஜனங்களின் மனத்தில் ஆழப் பதிந்தன. ஆனால் வழக்கு நின்றது அலமாரிகளின் மேலன்று. வங்கிக் கணக்குகள், நிலப் பத்திரங்கள், ஒரே நாளில் 10 நிறுவனங்கள் தோன்றிய பதிவேடுகள் ஆகியவற்றின் மேல். ஊழல் தடுப்புச் சட்டம் (1988) கேட்ட கேள்வி இதுதான்: 1991 ஜூலை 1க்கும் 1996 ஏப்ரல் 30க்கும் இடையே, பொது ஊழியர் ஒருவரிடமோ அவர் சார்பில் மற்றவர்களிடமோ சேர்ந்த சொத்து, அவருடைய அறியப்பட்ட வருமானத்துக்குப் பொருந்துகிறதா? பொருந்தவில்லையென்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், திருப்தியான விளக்கம் தர வேண்டிய பாரம் ஊழியரைச் சேரும்.

அரசுத் தரப்பின் கணக்கு ஏரிக் கணக்கைப் போலவே அமைந்தது. தொடக்கத்தில் இருந்த சொத்து சுமார் 2.02 கோடி ரூபாய். முடிவில் இருந்தது 66.44 கோடிக்கு மேல். ஆக, சேர்ந்தது ஏறத்தாழ 64.43 கோடி. அதே காலத்துச் செலவு 11.57 கோடி, வருமானம் 9.34 கோடி. சேர்ந்ததையும் செலவழிந்ததையும் கூட்டி, வருமானத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 66.65 கோடி ரூபாய். எந்தக் கால்வாய் வழியாக வந்ததென்று எழுதப்படாத நீர் அது என்பதே குற்றச்சாட்டு.

மூன்று நியாயஸ்தலங்கள், மூன்று விடைகள்

ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த நிலையில் தமிழ்நாட்டில் விசாரணை நியாயமாக நடவாதென்று தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தை அணுகவே, 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. 2014 செப்டம்பர் 27 அன்று சிறப்பு நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா, மிகைச் சொத்து 53.60 கோடி ரூபாய் எனக் கணித்து, ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும், உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் ஆகியோருக்கு நான்கு ஆண்டுச் சிறையும் தலா 10 கோடி அபராதமும் விதித்தார். தண்டிக்கப்பட்ட நாளிலேயே பதவி பறிபோகும் என்று 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருந்த நெறி, பதவியிலிருந்த ஒரு முதலமைச்சர் மீது பாய்ந்தது அதுவே முதல் தடவை.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி எல்லோரையும் விடுதலை செய்தார். அதே ஏடுகள், அதே சாட்சிகள். ஆனால் கூட்டல் வேறு. 1995 செப்டம்பரில் நடந்த, ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் சுதாகரனின் திருமணச் செலவு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். அரசுத் தரப்பு அதை 6.45 கோடி என்றது. குன்ஹா 3 கோடி என்றார். உயர் நீதிமன்றம் 28.68 லட்சம் என்றது. இவ்வாறு ஒவ்வொரு இனத்திலும் சொத்தும் செலவும் சுருங்கி 37.59 கோடியாக, வருமானமோ பெருகி 34.77 கோடியாக, எஞ்சிய வேறுபாடு 2.82 கோடியானது. அது வருமானத்தில் 8.12 விழுக்காடே, 10 விழுக்காடு வரையிலான மிகையைப் பாராட்ட வேண்டியதில்லை என்று முன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததால் விடுதலை.

இந்த வருமானக் கணக்கில்தான் நாடே திடுக்கிட்ட பிழை இருந்தது. வங்கிக் கடன்கள் பத்தினைக் கூட்டிய உயர் நீதிமன்றம் 24,17,31,274 ரூபாய் என்று எழுதியது. அதே பத்து எண்களைப் பள்ளிச் சிறுவன் கூட்டினாலும் கிடைப்பது 10,67,31,274. பதின்மூன்றரைக் கோடி கூட்டலில் முளைத்திருந்தது. அதைத் திருத்தினால் மிகை 8 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும்.

2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து குன்ஹாவின் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தினர். ஆனால் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்றே காலமாகியிருந்தார். இறந்தவர் மீதான மேல்முறையீடு அத்துடன் அற்றுப்போகும் என்பது சட்டம். ஆகவே தண்டனை மற்ற மூவருக்கு மட்டுமே உரியதாயிற்று. அவர் மீது சுமத்தப்பட்ட சதியும் சொத்துக் குவிப்பும் மெய்யென்று அத்தீர்ப்பின் பக்கங்கள் சொல்கின்றன. தண்டனை அவரைத் தொடவில்லை. இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் நேர்மை. 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றத்தில் இருந்த நகைகளும் நில ஆவணங்களும் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. புகார் எழுந்து அதற்குள் ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய கதையன்று. 1976இல் மு. கருணாநிதி அரசின் மீதான புகார்களை விசாரிக்க நீதிபதி சர்க்காரியா கமிஷனை மத்திய அரசு அமைத்தது; அறிக்கைகள் வந்தன, தண்டனை எதுவும் விளையவில்லை. தண்டனையுமின்றித் தெளிவான விடுதலையுமின்றி நின்றுபோன கணக்கு, ஐம்பதாண்டு கழிந்தும் மேடைக்கு மேடை வசையாக மட்டுமே உலவுகிறது. கணக்கை முடிக்காத தேசத்தில் குற்றவாளிக்கு வெட்கமும் இல்லை, நிரபராதிக்கு விமோசனமும் இல்லை.

மதகு திறந்த நாள்

இனி செம்பரம்பாக்கத்துக்குத் திரும்புவோம். 2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. டிசம்பர் 1 இரவே அடையாறு சென்னைக்குள் புகுந்தது. மீண்டும் முதலமைச்சராகியிருந்த ஜெயலலிதாவின் உத்தரவுக்காக அதிகாரிகள் காத்திருந்ததால்தான் நீர் முன்கூட்டித் திறக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு ஊரெங்கும் எழுந்தது. தலைமைச் செயலாளர் கு. ஞானதேசிகன் டிசம்பர் மத்தியில் வெளியிட்ட நீண்ட விளக்கத்தில், மதகைத் திறப்பதற்கு முதலமைச்சரின் உத்தரவோ தமது உத்தரவோ தேவையில்லை, விதிப்படி பொறியாளர்களே முடிவு செய்வார்கள் என்று மறுத்தார். அதற்கு எதிரான சாட்சியம் எதுவும் நியாயஸ்தலத்தில் நிரூபிக்கப்படவில்லை. ஆதலால் அந்தக் குற்றச்சாட்டை நிரூபணமான உண்மையாக நாம் பேசலாகாது.

ஆயினும் கண்டனம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. சரியான இடத்துக்கு நகர்கிறது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே கூறியது. டிசம்பர் 1 பிற்பகல் 2 மணி முதல் 21 மணி நேரம் இடைவிடாது வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது என்று அது கணித்தது. இதைப் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2,190 மில்லியன் கன அடி வருகிறது. ஏரியின் முழுக் கொள்ளளவில் ஐந்தில் மூன்று பங்கு ஒரு நாளுக்குள் ஆற்றில் பாய்ந்திருக்கிறது. ஏரியில் எஞ்சியிருந்த இடத்தில் நீரைத் தேக்கியிருந்தால் வெளியேற்றத்தை நிதானப்படுத்தியிருக்கலாம் என்றும், நீர்ப்பரப்புக்குள் அமைந்த தனியார் நிலங்கள் மூழ்காதிருக்கும் பொருட்டு அவ்வாறு தேக்கவில்லை என்றும், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் இல்லை என்றும் அவ்வறிக்கை குறை கூறியது.

முதலமைச்சர் ஓர் உத்தரவைத் தாமதித்தாரா என்பது ஒரு நாளைய கேள்வி. பெருநகரத்தின் தலைமேல் நிற்கும் ஏரிக்கு ஆபத்துக்காலத் திட்டம் ஏன் இல்லை, ஏரிக்குள் தனியார் நிலங்கள் ஏன் இருந்தன, கீழே வாழ்ந்த ஜனங்களுக்கு எச்சரிக்கை ஏன் உரிய நேரத்தில் எட்டவில்லை என்பவை பல்லாண்டுக் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பு ஆட்சியின் உச்சியில் இருந்தவரையே சேரும். அவருக்கு முன் ஆண்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. வதந்தியின் மேல் எழுப்பிய கண்டனத்தை ஒரு மறுப்பறிக்கை கவிழ்த்துவிடும்; தணிக்கையின் மேல் எழுப்பிய கண்டனத்தை அவ்வாறு கவிழ்க்க இயலாது.

குணம் என்னும் மூன்றாவது அளவை

குணத்தைப் பற்றிய விமர்சனமே மிகக் கடினமானது. மிக மலிவாக நடப்பதும் அதுவே. ஒரு பெண் என்பதற்காக, திரையுலகிலிருந்து வந்தவர் என்பதற்காக, தனித்து வாழ்ந்தவர் என்பதற்காக ஜெயலலிதா மீது வீசப்பட்ட சொற்கள் விமர்சனமல்ல; அவை வீசியவர்களின் சிறுமைக்கே சாட்சி. பொதுவாழ்வைத் தீண்டும் குணமே நம் பரிசீலனைக்கு உரியது. அமைச்சர்கள் காலில் விழுந்ததை அவர் தடுத்தாரா, பத்திரிகையாளரின் கேள்விகளுக்கு நேர்நின்று விடை சொன்னாரா, தம்மைக் குறை கூறியோரை எவ்வாறு நடத்தினார் என்பவை அத்தகைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் எண்ணாலான விடை உண்டு. 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பட்டியலின்படி, ஐந்தாண்டுகளில் தமிழ்நாடு அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 213. அவற்றில் 55 பத்திரிகைகள், செய்தி நிறுவனங்களின் மீது. தலைவரின் மானத்தைக் காக்க அரசு வழக்கறிஞர் வாதாடுவார். செலவு பொதுப் பணம். பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் அறிவுறுத்த நேர்ந்தது. அளவுகோலில் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்பவனை வாய்மூடச் செய்தால், ஏரி வற்றிவிடாது. ஊர்தான் எச்சரிக்கையில்லாமல் மூழ்கும்.

பிரஜையின் கையிலுள்ள அளவுகோல்

ஜனங்களின் கையிலும் ஓர் அளவுகோல் உண்டு. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின், வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்தையும் கடனையும் குற்ற வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். 2018 தீர்ப்புக்குப் பின் தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் வருமானம் வரும் வழியையும் சொல்ல வேண்டும். அப்பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எல்லோரும் காணக் கிடக்கின்றன. தம் தொகுதி உறுப்பினர் சென்ற தேர்தலில் தந்த பத்திரத்தையும் இந்தத் தேர்தலில் தந்த பத்திரத்தையும் அருகருகே வைத்து, தொடக்க இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, இறுதி இருப்பு எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்க்கும் வாக்காளர், குன்ஹா செய்த காரியத்தின் முதற்படியைத் தாமே செய்தவராகிறார். சந்தேகம் மிஞ்சினால் அதை எழுத்தில் கேட்கலாம். விடை வரும்வரை தலைவரைத் திருடர் என்றும் தெய்வம் என்றும் சொல்லாமலிருப்பதே நாணயமான விமர்சகருக்கு அழகு.

செம்பரம்பாக்கத்து மதகில் அளவுகோலைப் பார்ப்பவர் ஏரியின் மேல் பகையும் கொள்வதில்லை, பக்தியும் கொள்வதில்லை. எத்தனை அடி என்று பார்த்து ஏட்டில் எழுதிவிட்டுப் போகிறார். அவர் பிழையின்றி எழுதினால் அடையாற்றங்கரை அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். தலைவர்களைப் பற்றி நாம் எழுதும் ஏடும் அத்தகையதாக இருக்க வேண்டும்.