புதிய செயற்கைக்கோளும் நம் தொலைக்காட்சியும்

செயற்கைக்கோள் ஒன்று புதிதாக ஏவப்பட்டது என்ற செய்தி வந்தவுடன், இனி எத்தனை சானல்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்றே பலரும் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும் அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இப்பொழுது வரும் சானல்கள் இனியும் தடையின்றி வருமா என்பதே அது. இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள தொடர்பைச் சிறிது ஆராய்வோம்.

ஒளிபரப்புக்குரிய செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஒப்பச் சுற்றி வருகிறது. ஆகவே அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறது. நம் வீட்டுக் கூரைமேல் உள்ள டிஷ் ஆண்டெனாவை ஒருமுறை அத்திசை நோக்கிப் பொருத்திவிட்டால் போதும். தரை நிலையம் அனுப்பும் அலைகளை வாங்கி, அவற்றின் அலைவரிசையை மாற்றி, வலுவூட்டித் திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். ஒரு கோளில் இக்கருவிகள் இத்தனைதான் வைக்க முடியும் என்ற வரம்பு உண்டு. அவற்றை இயக்கும் மின்சாரமோ சூரிய ஒளித் தகடுகளிலிருந்து வர வேண்டும்.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற கோளின் துணையால், நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் தொலைக்காட்சியைக் கண்டன. அன்று கிடைத்தது ஒரே ஒரு சானல். அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு ஒரு சானல் என்பதே பொது வழக்காக இருந்தது. டிஜிட்டல் முறை இந்நிலையை மாற்றியது. செய்தி வாசிப்பவரின் உதடுகள் அசைகின்றன. பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. அசையாத சுவரை ஒவ்வொரு கணமும் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? மாறுகின்ற பகுதியை மட்டும் அனுப்பினால் இடம் மிச்சமாகிறது. இவ்வாறு சுருக்கி அனுப்புவதால் இன்று ஒரே டிரான்ஸ்பாண்டரில் பத்துக்கு மேற்பட்ட சானல்கள் அடங்குகின்றன.

இந்த நன்மைக்குள்ளேயே ஓர் அபாயமும் அடங்கியுள்ளது. முன்னர் ஒரு கருவி பழுதானால் ஒரு சானல் மறைந்தது. இன்று ஒரு கருவி பழுதானால் பத்துச் சானல்கள் ஒருங்கே மறையும்.

கோள்கள் பழுதாவதும் அரிதன்று. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ, அதே ஆண்டு செப்டம்பரில் பணி இழந்தது. 1997 ஜூனில் சென்ற இன்சாட்-2டி, அக்டோபரில் மின்கோளாறுக்கு இரையாயிற்று. அதற்கு ஈடாக, முன்பே விண்ணில் இருந்த அராப்சாட்-1சி என்ற கோளை நம் நாடு விலைக்கு வாங்கி, இன்சாட்-2டிடி என்று பெயரிட்டுப் பயன்படுத்த நேர்ந்தது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளின் சூரியத் தகடு ஒன்றில் மின்கோளாறு ஏற்பட்டது. அதிலிருந்த 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய வேளையில் சானல்களை வேறொரு கோளுக்கு மாற்றலாமே எனத் தோன்றலாம். அந்தக் கோள் வானில் வேறு இடத்தில் இருப்பின், ஒவ்வொரு வீட்டு டிஷ்ஷையும் புதிய திசைக்குத் திருப்ப வேண்டும். லட்சக்கணக்கான கூரைகளில் ஏறி இறங்குவது ஒரு நாளில் முடியும் காரியமா?

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி எளியது. மாற்றுக் கோளை முன்கூட்டியே அதே இடத்தில் நிறுத்தி வைப்பதே அவ்வழி. 2015 நவம்பர் 11 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-15, 24 டிரான்ஸ்பாண்டர்களுடன், இன்சாட்-4பி இருந்த கிழக்கு 93.5 பாகையிலேயே நிலைபெற்றது. 2022 ஜனவரியில் இன்சாட்-4பி ஓய்வு பெற்றபோது, அதற்கு வாரிசு அருகிலேயே இருந்தது. மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேவை ஜிசாட்-15 வழியாகவே வருகிறது.

மாற்றுக் கோளாலும் நீங்காத தடைகள் சில உண்டு. சிறு டிஷ்களுக்குரிய கேயு அலைகளைப் பெருமழை மங்கச் செய்யும். இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி, சூரியன் கோளின் நேர் பின்னே வரும்போது, சில நிமிடங்கள் படம் குலையும். இவை தாமே தீர்ந்துவிடும். ஆனால் கோளே பழுதுற்றால், ஆயத்தமாயுள்ள மாற்று ஒன்றே துணை.

ஆதலால் புதிய கோளின் டிரான்ஸ்பாண்டர்கள் அனைத்தையும் புதிய சானல்களால் நிரப்பிவிடுவது, விதை நெல்லையும் குத்திச் சமைப்பதற்கு ஒப்பாகும். சும்மா இருக்கும் கருவி வருவாய் தராது என்பது உண்மையே. ஆயினும் கேபிள் எட்டாத மலைக் கிராமத்தில், புயல் எச்சரிக்கையைத் தொலைக்காட்சியில் எதிர்பார்த்திருக்கும் குடும்பத்திற்கு, இருநூறு சானல்களைவிட அன்றிரவு அணையாத ஒரு சானலே பெரிது. அடுத்த கோள் ஏவப்படும்போது, அதில் எத்தனை டிரான்ஸ்பாண்டர்கள் என்று மட்டுமன்றி, அவற்றுள் எத்தனை மாற்றுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன என்றும் நாம் கேட்போமாக.