அடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர்: பெல்லட் அடுப்பு எரிபொருளை எப்படி ஊட்டுகிறது?

புதுச்சேரி மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பில் அடிக்கப் பிரிண்டர் இணைத்துக் கொடுக்கச் சொல்லி என்னை அழைத்திருந்தார். வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இரண்டு நிமிடத்தில் சமையல் கட்டிலிருந்து புகை. ஓடிப் போய்ப் பார்த்தால், புகை அடுப்பிலிருந்து வரவில்லை. எரிபொருள் கொட்டி வைக்கும் தொட்டியிலிருந்து வந்தது.

"கம்ப்யூட்டர் வெச்ச அடுப்புன்னு சொல்லித்தான் சார் குடுத்தாங்க. அப்புறம் இன்னாத்துக்கு இப்படிப் புகையுது?" என்று கேட்டார் மாஸ்டர்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல, அந்த அடுப்புக்குள் இருக்கும் 'கம்ப்யூட்டர்' என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது நல்ல பாடமும் கூட. சென்சார், புரோகிராம், யுபிஎஸ் எல்லாமே இதில் வருகின்றன.

பெல்லட் என்றால் என்ன?

மரத்தூள், கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்றவற்றைக் காயவைத்து, அரைத்து, துளைகள் உள்ள இரும்பு அச்சின் வழியே பெரும் அழுத்தத்தில் பிதுக்கினால் வரும் குச்சித் துண்டுகள்தான் பெல்லட். பார்ப்பதற்கு மாட்டுத் தீவனக் குச்சி போலவே இருக்கும். வீட்டு அடுப்புக்கான மர பெல்லட்டின் விட்டம் 6 அல்லது 8 மி.மீ. பசை எதுவும் சேர்க்கத் தேவையில்லை. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, அதுவே பசையாகிவிடுகிறது.

நல்ல மர பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். சமையல் கேஸ் ஒரு கிலோ தரும் வெப்பத்துக்கு, ஏறத்தாழ 3 கிலோ பெல்லட் தேவை.

விறகை விட்டு இதை ஏன் செய்ய வேண்டும்? ஒரே அளவில் இருப்பதால்தான். ஒரே அளவில் இருக்கும் பொருளை மெஷினால் எண்ணி எடுத்து ஊட்ட முடியும். பிரிண்டருக்கு ஏ4 தாள் எப்படியோ, அப்படித்தான் இந்த அடுப்புக்குப் பெல்லட்.

தூள் அடுப்பிலிருந்து ஊர்ஜா வரை

நம் பாட்டிமார்கள் மரத்தூள் அடுப்பு வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைப்பார்கள். நிரப்பியது தீரும் வரை எரியும். நடுவில் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது.

இதே 'ஒருமுறை நிரப்பு, தீரும் வரை எரி' முறையில் வந்த நவீன அடுப்புதான் ஊர்ஜா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தாவின் குழுவினர் உருவாக்கிய தொழில்நுட்பத்தை வைத்து, பி.பி. நிறுவனம் 2006-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான பெல்லட்டை நிரப்பி மேலே பற்றவைத்தால், சுமார் ஒரு மணி நேரம் எரியும். கம்ப்யூட்டர் பிராசஸர் மேல் இருப்பது போன்ற ஒரு சிறு மின்விசிறி, பேட்டரியில் ஓடி, காற்றைத் தரும். கீழிருந்து போகும் கொஞ்சம் காற்று பெல்லட்டை வாயுவாக மாற்றும். மேலே துளைகள் வழியாக வரும் மீதிக் காற்று அந்த வாயுவை எரிக்கும். தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன.

இந்த வகையில் ஒரு பாதுகாப்பு உண்டு. தொட்டியும் நெருப்பும் தனித்தனி இல்லை என்பதால், நெருப்பு 'பின்னால் போக' இடமே இல்லை. ஆனால் நாள் முழுக்கச் சமைக்கும் மாஸ்டருக்கு மணிக்கு ஒருமுறை நிறுத்தி நிரப்ப முடியுமா? அங்கேதான் தானாக ஊட்டும் அடுப்பு வருகிறது. அமெரிக்காவில் 1980-களில் போயிங் நிறுவனப் பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்டு போன்றவர்களின் முயற்சியால் வீட்டுக்கான இத்தகைய அடுப்புகள் பரவின.

ஸ்க்ரூ செய்யும் வேலை

தானாக ஊட்டும் அடுப்பில் மூன்று பாகங்களைப் பாருங்கள். மேலே பெல்லட் கொட்டும் தொட்டி. கீழே கையளவு பெல்லட் மட்டும் எரியும் சிறு இரும்புக் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். அதற்குள் நீண்ட ஸ்க்ரூ. ரைஸ் மில்லில் நெல்லைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூவைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், அளவு மட்டும் சிறியது.

ஸ்க்ரூவைச் சுற்றும் மோட்டார் மிக மெதுவானது. வீட்டு அடுப்புகளில் நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான். அதையும் தொடர்ந்து ஓட விடுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்க்ரூ ஓடும்போது நிமிடத்துக்கு 100 கிராம் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விநாடிக்கு 3 விநாடி மட்டும் ஓடி, 7 விநாடி நின்றால், நிமிடத்துக்கு 30 கிராம். மணிக்கு 1.8 கிலோ. வெப்பம் சுமார் 8 கிலோவாட். தீயைக் கூட்ட வேண்டுமா? 3 விநாடியை 6 ஆக்கினால் போதும், இரண்டு மடங்கு. மோட்டாரின் வேகத்தைத் தொடவே வேண்டாம்.

இந்த 'ஓடு, நில்' கணக்கைப் பார்த்துக்கொள்வதுதான் அடுப்பிலுள்ள கம்ப்யூட்டர்.

மூளை எப்படி வேலை செய்கிறது?

அதன் பெயர் மைக்ரோ கண்ட்ரோலர். பிராசஸர், மெமரி, வெளி இணைப்புகள் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். உங்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுஸும் உள்ளீடு என்றால், இதற்கு வெப்ப சென்சாரும் காற்றழுத்த ஸ்விட்சும் உள்ளீடு. உங்களுக்கு மானிட்டர் வெளியீடு என்றால், இதற்கு ஸ்க்ரூ மோட்டாரும் மின்விசிறியும் வெளியீடு.

அடுப்பை ஆன் செய்தால் நடப்பது இதுதான்:

1. முதலில் புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடும்.
2. ஸ்க்ரூ ஒரு பிடி பெல்லட்டைக் கிண்ணத்தில் போடும்.
3. ஹீட்டர் கம்பி ஒன்று சூடாகி, சில நிமிடத்தில் அதைப் பற்றவைக்கும்.
4. புகைக் குழாயிலுள்ள சென்சார் சூடு ஏறுகிறதா என்று பார்க்கும். ஏறினால் ஹீட்டர் நிற்கும், ஊட்டல் தொடரும்.
5. குறித்த நேரத்துக்குள் சூடு ஏறவில்லை என்றால், ஊட்டல் நிற்கும்.

ஐந்தாவது படிதான் முக்கியம். பற்றாத கிண்ணத்தில் பெல்லட்டைக் கொட்டிக்கொண்டே போனால், அது குவிந்து, புகைந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். 'சந்தேகம் வந்தால் ஊட்டாதே' என்பதே இந்த அடுப்பின் முதல் விதி.

நெருப்பு பின்னால் ஏறினால்?

எந்த விறகடுப்புக்கும் இல்லாத ஆபத்து ஒன்று இதற்கு உண்டு. கிண்ணத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் பெல்லட் நிரம்பிய குழாய் இருக்கிறது. அது ஒரு திரி மாதிரி. நெருப்பு அதன் வழியே மெல்ல ஊர்ந்து, முழுத் தொட்டியையும் பிடிக்கலாம். இதைத் தடுக்கப் பல காவல்கள் இருக்கின்றன.

முதல் காவல், இடைவெளி. பல அடுப்புகளில் ஸ்க்ரூ பெல்லட்டைச் சாய்வாக மேலே ஏற்றி, அங்கிருந்து சறுக்கு வழியாகக் கிண்ணத்தில் விழவைக்கும். எரியும் பெல்லட்டும் எரியாத பெல்லட்டும் ஒன்றையொன்று தொடாது.

இரண்டாவது காவல், காற்றின் திசை. விசிறி புகையை வெளியே இழுப்பதால், காற்று எப்போதும் தொட்டிப் பக்கமிருந்து நெருப்பை நோக்கியே போகும். தொட்டி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். மூடி திறந்தால் ஸ்க்ரூ நிற்கும்.

மூன்றாவது காவல், சூட்டு ஸ்விட்ச். ஊட்டும் குழாயோ தொட்டியோ அளவுக்கு மீறிச் சூடானால், இரட்டை உலோகத் தகடு வளைந்து மின் இணைப்பைத் துண்டிக்கும். பெரிய பாய்லர்களில் இன்னொன்றும் உண்டு. குழாய் சூடானால் கரண்ட் இல்லாமலே ஒரு வால்வு திறந்து தண்ணீரைக் கொட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நன்றாக வடிவமைத்த அடுப்பில் இந்த ஸ்விட்சுகள் மைக்ரோ கண்ட்ரோலரின் தயவை எதிர்பார்ப்பதில்லை. கோயில் திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் செட் போல, மோட்டாருக்குப் போகும் ஒயரிலேயே வரிசையாக இருக்கும். ஒன்று அறுந்தால் மோட்டார் நிற்கும், புரோகிராம் ஹேங் ஆகியிருந்தாலும் சரி. உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், விண்டோஸைக் கேட்காமல் தானே அணைந்துவிடுகிறதே, அதே யோசனைதான்.

அடிக்கடி நின்றுபோவது ஏன்?

ஆபத்து ஒரு பக்கம், தொல்லை ஒரு பக்கம். பிரிண்டரில் தாள் சிக்குவது போல, இதிலும் சிக்கும்.

ஈரம்: நம் கடற்கரை ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், இதுதான் முதல் எதிரி. தண்ணீர் பட்ட பெல்லட் ஊதிப் பொரிந்து மறுபடி தூளாகிவிடும். ஸ்க்ரூவுக்குள் அப்படி ஆனால் சிமெண்ட் மாதிரி இறுகும்.

தூள்: மூட்டையின் அடியில் தங்கும் தூள் குழாயில் அடைந்து ஓட்டத்தைக் கெடுக்கும். சலித்துப் போடுங்கள்.

பாலம்: தொட்டிக்குள் பெல்லட் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். மேலே நிறைய இருக்கும், கீழே ஸ்க்ரூ காலியாகச் சுற்றும். நீளமான குச்சிகள் அதிகம் இருந்தால் இது சகஜம்.

கிட்டம்: கடலைத் தோல், வைக்கோல் போன்றவற்றில் சாம்பல் அதிகம். அது சூட்டில் உருகிக் கட்டியாகி, கிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைக்கும். காற்று குறைந்தால் தீ மந்தமாகும்; மேலே பெல்லட் குவியும். கிண்ணத்தைத் தினமும் சுரண்டிச் சுத்தம் செய்வது இதற்காகத்தான்.

ஊட்டல் என்பது தொட்டியோடு முடிவதில்லை என்பதற்கு ஊர்ஜாவே சாட்சி. அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் விவசாயக் கழிவுகளின் விலை ஏறி, பெல்லட்டின் விலையும் ஏறியது. வாங்கிய வீடுகளில் பெரும்பாலானவை பயன்படுத்துவதை நிறுத்திவிட்டன என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஆய்வு பின்னர் சொன்னது. கார்ட்ரிட்ஜ் கிடைக்காத பிரிண்டரை வாங்கி என்ன பயன்?

மூட்டையை எங்கே வைப்பது?

பெல்லட் வெறும் மரம்தானே என்று நினைக்காதீர்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் பெரும் குவியலாக இருந்தால், எரியாமலே கார்பன் மோனாக்சைடு வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2006-ல் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில், பெல்லட் ஏற்றி வந்த கப்பலில் இந்த வாயுவால் ஒருவர் இறந்தார். வீட்டில் நாலு மூட்டை வைப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் சிறு அறையில் அடைத்துப் பூட்டாதீர்கள். அடுப்பையும் புகைக் குழாய் இல்லாமல் எரிக்காதீர்கள்.

மாஸ்டர் வீட்டில் நடந்தது என்ன?

புகை அடங்கிய பின் தொட்டியைப் பார்த்தோம். மூடி ஸ்விட்ச் இன்சுலேஷன் டேப்பால் சுற்றி அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. "மூடியைத் தொறந்தா அடுப்பு நிக்குது சார். பெல்லட் போடப் போட நின்னா பிரியாணி என்னாவறது? அதான் பையன் ஒட்டிட்டான்" என்றார்.

புதிர் அவிழ்ந்தது. மூடி அரைகுறையாகத் திறந்தே இருந்திருக்கிறது. கரண்ட் இருந்தவரை விசிறி புகையை வெளியே இழுத்துக் காப்பாற்றியது. கரண்ட் போனதும் விசிறி நின்றது. புகைக் குழாயோ ஒரு முழம்கூட மேலே ஏறவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த நெருப்பின் புகை, திறந்திருந்த தொட்டி வழியே வந்துவிட்டது. தொட்டியில் பெல்லட் குறைவாக இருந்ததால் வழி இன்னும் சுலபம். இன்னும் சற்று நேரம் போயிருந்தால், புகைக்குப் பின்னால் நெருப்பும் வந்திருக்கும்.

டேப்பைப் பிரித்தோம். புகைக் குழாயைக் கூரைக்கு மேல் நேராக உயர்த்தச் சொன்னேன். கரண்ட் இல்லாவிட்டாலும் சூடான புகை தானே மேலே ஏறும். விசிறிக்கும் கண்ட்ரோலருக்கும் ஒரு யுபிஎஸ் போடச் சொன்னேன். மோட்டார் ஓட வேண்டும் என்பதால் சைன் அலை தரும் யுபிஎஸ்தான் நல்லது. நிறைய கரண்ட் இழுக்கும் பற்றவைப்பு ஹீட்டரை அதில் சேர்க்க வேண்டாம்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

* கரண்ட் போனால் புகை எந்த வழியே போகும்?
* சூட்டு ஸ்விட்ச் மோட்டார் ஒயரிலேயே இருக்கிறதா, புரோகிராம் வழியாக மட்டுமா?
* ஸ்க்ரூ சிக்கினால் நானே கழற்ற முடியுமா?
* இதே அளவு பெல்லட் மழைக்காலத்திலும் இந்த ஊரில் கிடைக்குமா?

மாஸ்டர் கடைசியாக ஒன்று கேட்டார்: "அப்ப கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலியா சார்?" பண்ணியது. கரண்ட் வந்ததும் அது உடனே பெல்லட்டைத் தள்ளவில்லை. சூட்டை அளந்து பார்த்து, கிண்ணம் ஆறும் வரை காத்திருந்தது. ஆனால் மூடி திறந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. 'மூடியிருக்கிறது' என்று டேப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. தவறான தகவலை உள்ளே கொடுத்தால், எந்தக் கம்ப்யூட்டரும் தவறாகத்தான் முடிவெடுக்கும்.